புதுக்கோட்டை மாவட்டம் ஒரே நாளில் முடியுமா? கோயில், குன்று, குடைவரை: கேள்வியும் தொடர் குறிப்புகளும்

ஜனவரி 4, காலை. கேள்வி

திருச்சியிலிருந்து காரில் கிளம்பி, நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம், ஆவுடையார்கோயில் பார்த்துவிட்டு, திரும்பும்போது கொடும்பாளூர், விராலிமலை என்று ஒரே நாளில் ஏழு இடமும் முடித்துவிடலாம் என்று ஒரு டிராவல்ஸ்காரர் சொல்கிறார். மேப்பில் பார்த்தாலும் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. அப்பா அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் இரண்டு பேர். முடியுமா?

ஜனவரி 4, மதியம்

முடியாது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை 17 கிமீ, சித்தன்னவாசல் 16, குடுமியான்மலை 20, திருமயம் 20. ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை கதவிலும் வெயிலிலும் இருக்கிறது. பூஜை நடக்கும் கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். தொல்லியல் துறை கையில் இருக்கும் இடங்கள் காலை ஒன்பதுக்குத் திறந்து ஐந்து, ஐந்தரைக்குப் பூட்டிவிடும். திறந்த பாறை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை கால் வைக்க விடாது. இந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், ஏழு இடம் ஒரு நாளுக்குள் அடங்காது.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று இடம். இரண்டு நாள் என்றால் ஆறு. ஊர்களை வரிசைப்படுத்தாமல், எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும், எந்தச் சுவரில் எப்போது வெளிச்சம் விழும் என்று வரிசைப்படுத்துங்கள்.

நார்த்தாமலையில் ஆரம்பியுங்கள். திருச்சி–புதுக்கோட்டை ரோட்டிலேயே பிரிகிறது, ஆறரைக்குக் குன்றின் அடியில் இருந்தால் போதும். சோழ மன்னன் விஜயாலயன் கட்டிய சோழீசுவரம் சிவன் கோயிலைக் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம்.

ஜனவரி 4, இரவு

மேலே எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, பெயர் விஜயாலய சோழீசுவரம் என்பதால் விஜயாலயன் கட்டினான் என்று எழுதிவிட்டேன். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி, அதாவது கற்கோயில், அது. மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான். முத்தரையர் என்ற குறுநில மன்னர் குலம் கட்டிய கோயில் என்று சொல்வதுதான் சரி. காலம் 9ஆம் நூற்றாண்டு.

இரண்டு, கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் போனால் முகப்பு முழுக்க நிழலில்தான் கிடக்கும். ஆனாலும் காலையில் போகச் சொன்னதை மாற்றப் போவதில்லை. எதிரே பாறையில் குடைந்திருக்கும் இரண்டு குடைவரைகளும் கிழக்குப் பார்த்தவை. பெரியதைச் சமணர் குடகு என்று ஊரில் சொல்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது திருமால். ஆளுயரத்தில் பன்னிரண்டு உருவங்கள், ஏறக்குறைய ஒரே அச்சில், வரிசையாகச் சுவரில் நிற்கின்றன. காலை வெயில் நேராக உள்ளே விழும்போது பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று உள்ள சின்னச் சின்ன வித்தியாசம் தெரியும். வெளியே மேடையின் அடிவரிசையில் யானையும் யாளியும் ஓடுகின்றன, குழந்தைகளை அங்கே உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

பக்கத்தில் இருக்கும் சின்னது பழியிலி ஈசுவரம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைந்தது. முன்மண்டபமும் நந்தியும் அவர் மகள் பழியிலி சிறியநங்கை செய்வித்தவை. அப்பா குடைந்ததை மகள் வளர்த்திருக்கிறாள், அது கல்லிலேயே எழுதியிருக்கிறது. இதைச் சொல்லாமல் யாரையும் அங்கிருந்து இறக்கக் கூடாது.

ஜனவரி 5

ஏறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நார்த்தாமலை என்பது ஒரு மலை இல்லை. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒன்பது குன்றுகள். கோயில் இருப்பது மேலமலையில். முத்துமாரியம்மன் கோயில் பக்கம் விசாரித்தால் வழி சொல்வார்கள். "மலைக்கோயில்" என்று மட்டும் கேட்காதீர்கள், கடம்பர்மலைக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அங்கேயும் நல்ல கோயில் இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. "விஜயாலய சோழீசுவரம்" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

வெறும் சரிவுப் பாறை. நிதானமாக ஏறினால் இருபது நிமிடம், முதியவர்களுக்கு அரை மணி. வழியில் ஐயனார் கோயிலும் தலையருவிச் சுனையும் வரும். அந்தச் சுனைக்குள் நீருக்கடியில் ஒரு லிங்கம் இருக்கிறது, சுனையை இறைத்தால்தான் கண்ணில் படும். கடைசித் துண்டில்தான் சறுக்கும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பாறையில் நீர் வழியும் கோடுகள் கறுப்பாகத் தெரியும். அது பாசி. கறுப்பை மிதிக்காமல் வெளுத்த பாறையில் கால் வையுங்கள். மேலே கடை கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கருவறை பூட்டியிருந்தால் காப்பாளர் வரும்வரை வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. சதுரமான சுவருக்குள் வட்டமான கருவறை, மேலே வட்டச் சிகரம். சுற்றிலும் இருந்த எட்டுச் சிற்றாலயங்களில் ஆறு மிச்சம்.

ஜனவரி 5, இரவு

அப்பா அம்மாவுக்கு மேலமலை சரிப்படுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். முட்டியில் தொந்தரவு இல்லாவிட்டால் சரிப்படும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். சரிவில் நேராக இறங்காமல் குறுக்கே சாய்ந்து சாய்ந்து இறங்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 7

சித்தன்னவாசல் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஒரே குன்றில் இரண்டு இடம். ஓவியம் இருப்பது அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை, மேற்குச் சரிவில். சமணப் படுக்கைகள் இருப்பது ஏழடிப்பட்டம், கிழக்குச் சரிவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குன்றின் மேலாக வழி கிடையாது. கீழே இறங்கி, வண்டியில் போய், மறுபடி ஏற வேண்டும். "சித்தன்னவாசல் பார்த்தாச்சு" என்று சொல்கிறவர்களிடம் ஏழு குழிப்படி பார்த்தீர்களா என்று கேளுங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள்.

ஏழடிப்பட்டத்துக்குக் காலையில் போங்கள். படி ஏறிக் குன்றின் முதுகைத் தாண்டி அந்தப்பக்கம் போனால், பாறை விளிம்பில் ஒரு ஒடுக்கமான நடைவழி. இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கால் வைக்கப் பாறையில் வெட்டிய ஏழு குழிகள்தான் பெயருக்குக் காரணம். உள்ளே பதினேழு படுக்கைகள். தலைமாட்டில் தலையணை போலக் கல்லை உயர்த்தி விட்டிருக்கிறார்கள். கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு இழைத்த கல். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்பிராமி எழுத்து ஓடுகிறது, கிறிஸ்துவுக்கு முந்தையது. மேற்கூரை தாழ்வு. நிமிர்ந்தால் இடிக்கும், முதுகு வளையாத பெரியவர்கள் வாயிலோடு நின்றுகொள்வது நல்லது.

அறிவர் கோயிலுக்கு மதியம் இரண்டரைக்குமேல் போங்கள். மேற்குப் பார்த்த குடைவரை, அதனால் அப்போதுதான் வெளிச்சம் மண்டபத் தரையில் பட்டு மேல்நோக்கித் திரும்பும். ஓவியம் விதானத்தில் இருக்கிறது, தரையில் திரும்பும் வெளிச்சம்தான் அதைக் காட்டும். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது, வெறும் கறை மாதிரி இருக்கும். உடனே செல்போன் டார்ச்சை அடிக்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் பச்சை வரும், தாமரை இலை. பிறகு தண்டு, மொட்டு. அதன் இடுக்கில் மீன், வாத்து, எருமை, யானை. பிறகு பூப்பறிக்கும் மூன்று பேர், ஒருவர் தோளில் தாமரைத் தண்டு. இவ்வளவும் ஒரே குளம். தூண்களின் முகப்பில் ஆடல் மகளிர், கை வீச்சு மட்டும் தெளிவாகத் தெரியும், முகம் தேய்ந்துவிட்டது. ஒரு தூணில் அரசனும் அரசியும்.

கருவறைக்குள் மெல்ல முனகினால் அறை முழுதும் அதிர்கிறது. ஒருவர் மட்டும் முனக வேண்டும். பத்துப் பேர் ஒன்றாகச் சத்தம் போட்டால் வெறும் இரைச்சல்தான்.

காலையில் ஏழடிப்பட்டம், மதியம் அறிவர் கோயில் என்று பிரித்துப் போவதால், ஒரே டிக்கெட்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். குரங்குகள் பாலித்தீன் பை சத்தத்துக்கு வரும். தின்பண்டத்தைத் துணிப்பைக்குள் வையுங்கள்.

ஜனவரி 8

"ஓவியம் மகேந்திரவர்மன் காலத்தது என்று பள்ளியில் படித்தோமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். பிறகு முகப்புப் பக்கம் பாறையிலுள்ள பாட்டுக் கல்வெட்டைப் படித்தபோது கணக்கு மாறியது. அவனிபசேகரன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதிரை (மதுரை) ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தான் என்று அது சொல்கிறது. பாண்டியர் காலம், 9ஆம் நூற்றாண்டு. அந்தக் கல்வெட்டு வெளியே இருக்கிறது, ஓவியம் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்கள். முன்னால் நிற்கும் தூண்கள் வேறு கதை. அவை பிரிட்டிஷ் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை.

ஜனவரி 8, இரவு

இடைநேரம் எங்கே போக என்றால், குடுமியான்மலை. ஏழடிப்பட்டம் முடித்து அன்னவாசல் வழியாகப் பத்தரைக்குள் போய்விடலாம். அங்கேயும் காலைதான் சரி. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டு கிழக்குப் பார்த்தது. பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் எழுத்தின் பள்ளம் தெரியும். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் பாறை தட்டையாகத் தெரியும், ஒரு எழுத்தும் பிடிபடாது.

கிரந்த எழுத்து என்பதால் படிக்க முடியாது என்று பலர் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுத்து தெரியாவிட்டாலும் அமைப்பைப் பார்க்கலாம். ஏழு பகுதி, ஏழு பண்ணுக்கு. ஒவ்வொரு வரியிலும் சுரங்கள் நான்கு நான்காகக் கட்டியிருக்கின்றன. ர, ரி, ரு, ரெ என்று ஒரே சுரத்துக்கே உயிர் மாறி மாறி வருகிறது. சில எழுத்தின் மேல் புள்ளி. கடைசியில் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று தமிழில் ஒரு வரி. பக்கத்தில் "பரிவாதினி" என்ற சொல், அது ஒரு வீணையின் பெயர். இதே பெயர் திருமயத்திலும் இருக்கிறது, அங்கே இருந்த இசைக் கல்வெட்டின் மேல் பிற்காலத்தில் வேறொன்றை வெட்டி அழித்துவிட்டார்கள். அதனால்தான் குடுமியான்மலைப் பாறை இவ்வளவு முக்கியம்.

கீழே சிகாநாதர் கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத் தூண்கள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், ரதி, மன்மதன், பத்துத் தலை ராவணன். குடலை இழுக்கும் அந்த விரல்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். படி ஏற முடியாதவர்கள் இந்த மண்டபத்திலேயே ஒரு மணி நேரம் நிறைவாக இருக்கலாம். நடை சாத்தும் முன், பன்னிரண்டுக்குள், வெளியே வந்துவிடுங்கள். மேலே குன்றின் உச்சிப் பாறையில் நாயன்மார் அறுபத்து மூவரையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், கீழேயிருந்தே கண்ணை இடுக்கினால் தெரியும்.

ஜனவரி 10

இரண்டாம் நாள்: திருமயம், ஆவுடையார்கோயில்.

திருமயத்தில் நடக்கும் தவறு ஒன்றுதான். கோட்டையைப் பார்த்ததும் நேராகக் கோட்டைக்குள் போய்விடுகிறார்கள், இறங்கும்போது பெருமாள் கோயில் நடை சாத்தியிருக்கும். எட்டு மணிக்கு முதலில் கோயில்கள். ஒரே குன்றின் அடியில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீசுவரரும் அடுத்தடுத்து. பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. குடைவரையில் பள்ளிகொண்ட திருமால், அருகே ஆதிசேஷன் கக்கும் நஞ்சுத் தீயைக் கண்டு மதுவும் கைடபனும் ஓடுகிறார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள், கால்மாட்டுப் பக்கம் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சிவன் குடைவரையில் லிங்கோத்பவர். இரண்டு கோயிலுக்கும் இடையே சொத்துத் தகராறு வந்து, 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி அப்பண்ணன் உட்கார்ந்து தீர்த்துவைத்த கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது.

ஒன்பதரைக்குக் கோட்டை. 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. பாதி உயரத்தில் செங்குத்துப் பாறையில் இரும்பு ஏணி வைத்துப் போகும் லிங்கக் குகை ஒன்று, உயரம் கண்டு பயப்படுகிறவர்கள் விட்டுவிடலாம். உச்சியில் பீரங்கி. நிழல் என்று ஒன்றும் கிடையாது, பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஜனவரி 10, சிறு குறிப்பு

பதினொன்றிலிருந்து நாலு வரை என்ன செய்ய என்று கேட்பீர்கள். புதுக்கோட்டை அருங்காட்சியகம், திருக்கோகர்ணத்தில். 1910இல் தொடங்கியது. மதிய வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசைத் தேடிப் பாருங்கள். விரல்நுனி அளவுச் செப்புக்காசு, ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". அந்த அம்மன் கோயில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மாலை நடை திறந்ததும் பார்க்கலாம்.

ஜனவரி 11

நேற்றைய குறிப்புக்குத் திருத்தம், முக்கியமானது. அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வெள்ளி, சனியில்தான் வருகிறார்கள், கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உங்கள் இரண்டாம் நாள் அதில் விழுந்தால் நாளை மாற்றிவையுங்கள்.

இன்னொன்று. திருக்கோகர்ணம் கோயிலையும் பார்த்துவிட்டு ஆவுடையார்கோயில் போவது நேரம் போதாது. ஒன்றை விடுங்கள். அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயிலுக்கு ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும்.

ஜனவரி 13

ஆவுடையார்கோயிலில் எதைப் பார்ப்பது? மேலே பாருங்கள்.

மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை இது. கருவறையில் லிங்கத்தின் பீடமான ஆவுடை மட்டும், மேலே பாணம் என்ற லிங்கத் தண்டு இல்லை. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. அம்மன் யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை, திருவடியைப் பலகணி (கல் சன்னல்) வழியாகத்தான் பார்க்க முடியும். முதல்முறை போகிறவர்கள் "சாமி எங்கே" என்று தேடுகிறார்கள். முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போனால் அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயமாகிவிடும். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துப் படைகல்லில் கொட்டுவார்கள், அந்த ஆவிதான் நைவேத்தியம். அந்த நேரத்தில் இருக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

மேலே பார்க்கச் சொன்னது கொடுங்கையை. மண்டபத்தின் விளிம்பில் வளைந்து இறங்கும் கல் கூரை அது. மரச்சட்டம், குறுக்குக் கம்பி, ஆணித்தலை எல்லாம் கருங்கல்லிலேயே. மரக்கூரையில் ஆணி எங்கே அடிப்பார்களோ அங்கே கல்லில் ஆணித்தலை இருக்கிறது. ஸ்தபதிகள் வேலை ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதுவார்கள் என்பது வழக்கு. அதுபோல இன்னொன்று செய்து தர முடியாது என்று அர்த்தம். நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் சாய்ந்த வெளிச்சத்தில் கொடுங்கையின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். இருட்டிய பின் விளக்கில் அது எடுபடாது, அதனால் முதலில் கொடுங்கை, பிறகு சன்னிதி. கோயில் முழுக்கச் சமதளம், அப்பா அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை சமயம் கூட்டம் நெரியும், சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

ஜனவரி 14

கொடும்பாளூரையும் விராலிமலையையும் மறந்துவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். மறக்கவில்லை, அவை வேறு ரோடு. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பயணத்தோடு ஒட்டாமல், மதுரை போகும்போதோ வரும்போதோ ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரிவது கொடும்பாளூரின் கொடும்பை நெடுங்குளத்தில்தான். வழி சொல்வதற்கென்றே பேர்பெற்ற ஊர்.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இப்போது இரண்டு விமானம்தான். நடுவில் உள்ளதும் தெற்கில் உள்ளதும். வடக்கில் அடித்தளம் மட்டும். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு தேவியர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில். சுவர் மாடங்களில் அர்த்தநாரி, வீணை ஏந்திய சிவன். பூட்டும் நேரத்துக்குள், மாலை நாலு வாக்கில் போனால் மேற்குப் பார்த்த இரண்டு விமானமும் முழு வெளிச்சத்தில் கிடைக்கும். பிறகு பக்கத்தில் முசுகுந்தேசுவரர், அது பூஜை நடக்கும் கோயில்.

அங்கிருந்து விராலிமலைக்குப் பத்து நிமிடம். இருநூற்றுச் சொச்சம் படி, செருப்பில்லாமல். ஐந்தரைக்குமேல் ஏறினால் கல் ஆறியிருக்கும், மயில்களும் அப்போதுதான் பாறைக்கு வரும். சுருட்டு நிவேதனம் நடக்கும் முருகன் கோயில் இது. பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிர் ஆட்டத்துக்கும் இந்த ஊர்தான். 2022இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள் விராலிமலைக்காரர்.

ஜனவரி 16

கேட்டவர் பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று தேதி சொல்லியிருக்கிறார். சரியான மாதம், பாறையும் காய்ந்திருக்கும். ஆனால் அது இரண்டாம் சனி வரும் வாரம். சனி முதல் நாளாக நார்த்தாமலை, ஏழடிப்பட்டம், குடுமியான்மலை, அறிவர் கோயில். ஞாயிறு திருமயம், அருங்காட்சியகம், ஆவுடையார்கோயில். இரவு தங்குவது புதுக்கோட்டையில். பங்குனியில் வந்தால் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாக் கூட்டம், அப்போது மேலமலைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

ஜனவரி 16, இரவு

ஒன்று விட்டுப்போனது. பருத்திச் சாக்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிய பிறகு வெயில் பிரகாரத்தில் அதுதான் காப்பாற்றும். நைலான் வேண்டாம், கல்லில் வழுக்கும்.